ஒரு பக்கம் கேட்டவனுக்கு

இன்று மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகக் கட்டடம் ஒன்றின் பொயிலர் அறையில், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவைத் திறந்தேன். கதவின் உட்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் நாலு சீன எழுத்து. உன்னுடைய கையெழுத்து. சீன எழுத்தைக்கூட நீ தமிழ் எழுதுகிற மாதிரிச் சுழித்துத்தான் எழுதியிருக்கிறாய். கீழே தமிழில், "முடிஞ்சுது. தொடாதே." அந்த வரி எனக்கு மட்டும். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்கக்கூடிய வேறு ஆள் இல்லை.

நான் போனது ஒரு வால்வு மோட்டார் மாற்ற. மாற்றினேன், கதவைச் சாத்தினேன், வெளியே வந்தேன். 401 நெடுஞ்சாலை வழக்கம்போல நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் களைப்பு என்றுதான் சொல்கிறேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளங்கப்படுத்தவும் களைப்பாகத்தான் இருக்கிறது.

உனக்கு ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருக்கிறது. நீ செத்தபிறகு உன்னைப் பற்றி ஒரு பக்கம்தான் அச்சடிக்க வேண்டும் என்று கேட்டாய். நான் ஓம் என்றேன். அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு அந்த நாலு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவன் கெவின். நம்மோடு வேலை செய்த சீனப் பெடியன், மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்தவன். நம்மைப் போலவே சனிக்கிழமைகளில் தாய்மொழிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, நம்மைப் போலவே அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவன். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கு அவனும் தமிழில்தான் பேசுகிறான். வேலைக்குப் போகிற வானில் நம் இருவருக்கும் நடுவில் இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது.

அது நடந்ததும் இதே கட்டடத்தில்தான். வேலை முடிந்து, சரி பார்த்து, ஒப்படைத்தாயிற்று. கட்டடக்காரர்களுக்குத் திருப்தி. நீ வயர் போட்டாய், நான் புரோகிராம் எழுதினேன், இரண்டும் சுத்தம். வீட்டுக்குப் போன பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கொம்பியூட்டரில் உள்ளே போய் இன்னும் கொஞ்சம் அலாரம் சேர்த்தேன். ஃபில்டர் அறைக் கதவு திறந்திருந்தால் ஓர் அலாரம். அந்த அலாரத்துக்கு ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் அதற்கும் ஓர் அலாரம். விடிவதற்குள் அந்தக் கட்டடக் காவலாளியின் தொலைபேசி அடித்து அடித்து, மனிதர் ஆத்திரத்தில் பெட்டியின் பிரதான சுவிட்சையே நிறுத்திவிட்டார். கட்டடத்தைச் சூடாக்குகிற பொயிலரும் நின்றுவிட்டது. பெப்ரவரி மாதம்.

மூன்று பேரும் திரும்பிப் போனோம். வானில் கெவின் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை உனக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டு வேலைக்காரர்களுக்கு எசமான் ஒரு கிண்ணம் மது கொடுத்தாராம். எல்லாருக்கும் காணாது. அப்ப ஒரு பந்தயம். நிலத்தில் பாம்பு கீற வேண்டும், முதல் முடிக்கிறவனுக்குக் கிண்ணம். ஒருவன் கெதியாய்க் கீறி முடித்துவிட்டான். இடது கையில் கிண்ணம். பார்த்தால் மற்றவர்கள் இன்னும் கீறிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் கிடக்கிறதே என்று வலது கையால் பாம்புக்குக் கால் போடத் தொடங்கினான். கால் முடிவதற்குள் இன்னொருவன் தன் பாம்பை முடித்து, கிண்ணத்தைப் பறித்து, பாம்புக்குக் கால் கிடையாது, ஆகவே நீ கீறியது பாம்பில்லை என்று சொல்லிக் குடித்துவிட்டானாம்.

"இந்தக் கதை முழுக்க எங்கட மொழியில நாலு எழுத்துதான்," என்றான் கெவின். "நீ ராத்திரிச் செய்தது அதுதான்."

"பந்தயத்தில கால் போடக்கூடாது எண்டு விதி இருந்ததோ?" என்று கேட்டேன்.

"என்ன?"

"இல்லையெண்டால் முதல் முடிச்சவன் அவன்தானே? அவன் முடிச்ச நேரத்தில அது பாம்பு. கிண்ணம் அவன்ர. பிறகு அவன் கால் போட்டால் என்ன, செட்டை போட்டால் என்ன?"

நீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாய். "மச்சான், நீதான்ரா அந்த ஆள். ரெண்டாயிரம் வருசத்துக்குப் பிறகு வந்து நிண்டு வழக்காடுறாய்."

அன்றைக்கு நான் சேர்த்ததையெல்லாம் அழித்தேன். நீ கெவினிடம் அந்த எழுத்துகளைக் கடதாசியில் வாங்கி, பார்த்துப் பார்த்துக் கதவில் எழுதினாய்.

அதிலிருந்து உனக்கு அது ஒரு விளையாட்டாகிப் போனது. முழுவதையும் சொல்ல வேண்டாம், "கால்" என்றால் போதும். சாமத்திய வீட்டில், வயதுக்கு வந்த பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றிப் புகைக்கு நடுவில் கொண்டுவந்தபோது, என் காதில் "கால்." மேடையில் அறிவிப்பாளர் நன்றி சொல்லி முடித்துவிட்டு, இறுதியாக ஒரு வார்த்தை என்று மறுபடி தொடங்கியபோது, "கால், கால்." நான் ஒரு பெட்டைக்கு அனுப்ப எழுதிய செய்தியை என் கையிலிருந்து பிடுங்கி, பாதியில் வெட்டி, நீயே அனுப்பினாய். அவள் பதில் போட்டாள். முழுதாக அனுப்பியிருந்தால் போட்டிருக்க மாட்டாள் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் மட்டும் நீ பிழையாகச் சொன்னாய். மதியச் சாப்பாட்டு நேரம். உன் அம்மா, எனக்கு அன்ரி, உனக்குக் கட்டித் தருகிற சாப்பாட்டோடு எனக்கும் கெவினுக்கும் ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தா. அதற்கு மேல் ஒரு போத்தலில் கத்தரிக்காய்ப் பொரியல், அதற்கு மேல் ஒரு பையில் வாழைப்பழம். நீ பழத்தைத் தூக்கிக் காட்டி "கால்" என்றாய்.

கெவின் வாயில் சோற்றோடு தலையாட்டினான். "இல்லை. அதுக்கு இதைப் பாவிக்கேலாது."

"ஏன்? தேவைக்கு மிஞ்சினது தானே?"

"தெரியேல்ல. பிழையாக் கிடக்கு. எங்கட அம்மாவைக் கேப்பம்."

போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினான். அவனுடைய தாய் கத்துகிற மாதிரிப் பேசினா. முதலில் நல்ல ஏச்சு விழுந்தது. இத்தனை வருசம் பள்ளிக்கூடம் அனுப்பி இதுகூடத் தெரியாதா என்று இருக்க வேண்டும். பிறகு கெவின் துண்டு துண்டாக நமக்குச் சொன்னான். மிஞ்சினதெல்லாம் கால் இல்லையாம். வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததற்குப் பிறகு, மற்றவன் பார்க்கட்டும் என்று தன் கெட்டித்தனத்தைக் காட்டப் போடுவதுதான் கால். அதனால் கையில் இருந்ததும் போக வேண்டும். "அந்த அம்மா சாப்பாடு கட்டி முடிச்சிட்டா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா."

நீ பழத்தை உரித்துச் சாப்பிட்டாய். "மச்சான், உன்ர வழக்குக்கு அவவைத்தான் நீதிபதியாப் போட வேணும்," என்றாய்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. வயிற்றில். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, எனக்குச் சொல்லவும் விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், அன்ரி கோப்பி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து நீ சொன்னாய்.

"அம்மா கல்வெட்டு அடிப்பா."

"விசர்க் கதை கதையாதே."

"அடிப்பா. முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகமா அடிச்சு, தாம்பூலப் பையில போட்டுக் குடுப்பினம். கற்பகமெண்டும் மாணிக்கமெண்டும் பாட்டு. நீதான் கொம்பியூட்டரில செய்வாய், வேற ஆள் இல்லை. ஒரு பக்கம். விளங்குதே? பேர், படம், பிறந்தது, செத்தது. மிச்சம் எல்லாம் கால்."

"ஓம்."

"சத்தியம்?"

"விசரா, ஓம் எண்டிட்டன் தானே."

அன்ரி கோப்பியோடு வந்தா. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

நீ சொன்ன மாதிரியே நடந்தது. எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த அடுத்த நாளே அன்ரி என்னைக் கூப்பிட்டு, தம்பி, நீதான் கல்வெட்டைச் செய்து தர வேணும் என்றா. நான் ஒரு பக்கம் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பக்கம். நீ நயாகராவில் எடுத்த படம், தொப்பி இல்லாதது. அதை அன்ரியிடம் காட்டுவதற்கு முன்னமே உன் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் இறங்கிவிட்டார்கள். லண்டன் பெரியப்பா தன் பெயருக்கு முன்னால் சமாதான நீதவான் என்று போட வேண்டுமாம். அஜக்ஸில் இருக்கிற மாமி, கப்பல் பயணத்தில் குடும்பமாக எடுத்த படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கேட்டா. அந்தப் படத்தில் நீ இல்லை. யாரோ வம்ச வரலாறு என்று ஏழு தலைமுறையைக் குரல் பதிவில் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நான் மனத்துக்குள் "கால்" என்று சொல்லி, வெளியில் "இடமில்லை அங்கிள்", "இடமில்லை அன்ரி" என்று பதில் போட்டேன். முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறான் என்று உன் பெரியப்பா அன்ரியிடம் முறையிட்டிருக்கிறார். இருக்கட்டும். வெட்டுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. அந்த நாட்களில் வேறு சுகம் கிடைக்கவில்லை.

கடைசியில் நின்றது புலவர் அங்கிள். ஸ்காபரோவில் யார் செத்தாலும் பாட்டு அவர்தான். அன்ரி எனக்குச் சொல்லாமல் அவரிடம் கேட்டிருக்கிறா. அவர் மடிக்கணினியிலிருந்து முழுக் கல்வெட்டையும் அனுப்பிவிட்டார். கடவுள் வாழ்த்து, நீ செத்த திதிக்கு ஒரு வெண்பா, பிறகு உறவினர் ஒவ்வொருவராக அழுகிற பாட்டு. தாய் புலம்பல், மாமா மாமி புலம்பல், நண்பர் புலம்பல். நண்பர் என்றால் நான்தான். நான் உன்னைக் "கற்பகமே" என்று கூப்பிட்டு அழுகிறேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால், மனைவி புலம்பல்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். பிறகு விளங்கிவிட்டது. மனிதர் வேறு யாருக்கோ எழுதிய கல்வெட்டைத் திறந்து, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, அந்தப் பக்கத்தை எடுக்க மறந்துவிட்டார். கலியாணம் நடக்காத உனக்கு ஒரு மனைவி பன்னிரண்டு வரியில் அழுதுகொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. இதைக் காட்டினால் போதும், அன்ரி முழுப் பாட்டையும் தூக்கச் சொல்லிவிடுவா, உன் ஒரு பக்கம் தப்பிவிடும். தாள்களை எடுத்துக்கொண்டு நேரே மோர்னிங்சைட்டில் உன் வீட்டுக்கு ஓடினேன்.

அன்ரி குசினி மேசையில் இருந்தா. உன் கதிரையில் மருந்துப் பைகள் இன்னும் அப்படியே.

"அன்ரி, இதைப் பாருங்கோ. புலவர் அங்கிள் ஆற்றையோ கல்வெட்டை அப்பிடியே தூக்கிப் போட்டிருக்கிறார். மனுசி புலம்புறாவாம். எந்த மனுசி?"

"கண்ணாடியை எடு."

எடுத்துக் கொடுத்தேன். உதடு அசைய அசைய மெதுவாக வாசித்தா. சில சொற்கள் பிடிபடவில்லை போல, விரலை வைத்துத் திரும்பப் போனா. முடித்துவிட்டு மேலே போய் மறுபடி தொடங்கினா. நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும்.

"நல்லா எழுதியிருக்கிறார்," என்றா.

"அன்ரி, அவனுக்குக் கலியாணமே நடக்கேல்லை."

"எனக்குத் தெரியாதே? பெத்தது நான் தானே."

"அப்ப எடுத்துவிடுறன்."

"இருக்கட்டும்."

"என்னெண்டு இருக்கிறது? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். செத்த வீட்டில ஒருத்தரும் சிரிக்கேல்லை. முப்பத்தொண்டிலையாவது சிரிக்கட்டும்."

வேறு வழியில்லாமல் உன்னை இழுத்தேன். "அவன் ஒரு பக்கம்தான் கேட்டவன். பேரும் படமும் மட்டும். ஆஸ்பத்திரியில என்னட்டைச் சொன்னவன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. "உன்னட்டைச் சொன்னவனோ?"

"ஓம்."

"என்னட்டைச் சொல்லேல்லை."

"ஓம், சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை? சொன்னால் நான் மாட்டன் எண்டுவன் எண்டு அவனுக்குத் தெரியும். அதுதான் உன்னைப் பிடிச்சவன், கள்ளன்." சிரித்தா. பிறகு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டா. "தம்பி, அவன் போகேக்குள்ள ஒரு பெட்டை அழேல்லை. அழ ஒரு பெட்டை இருந்திருக்க வேணும். ஆற்றையோ பெட்டை, பிழையா வந்தவள், அழுதிட்டுப் போகட்டன். அவளை ஏன் துரத்துறாய்?"

எனக்குப் பதில் இருந்தது. இது பிழை, பிழையைத் திருத்த வேண்டும், அச்சில் வந்தால் நிலைத்துவிடும், இறந்தவன் கேட்டதுதான் முதல். எல்லாம் சரியான பதில். ஆனால் அந்த மேசையில் எனக்கு ஞாபகம் வந்தது கெவினுடைய தாய் போனில் கத்திக் கேட்டதுதான். முடிந்துவிட்டது என்று ஆர் சொன்னது? நீ முடிந்துவிட்டது என்றாய். டாக்டர்மார் சொன்னார்கள். நானும் சொன்னேன். அன்ரி இன்னும் சொல்லவில்லை. அன்ரிக்கு ஒருவருக்கும் கெட்டித்தனம் காட்ட வேண்டிய தேவையும் இல்லை. அப்படியென்றால் இது கால் இல்லையா? எனக்குத் தெரியவில்லை, மச்சான். எழுதிய விதி என்றால் வாசித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இது அப்படி இல்லை.

"சரி," என்றேன்.

"பெரியப்பாவின்ர பட்டமும் வேண்டாம், கப்பல் படமும் வேண்டாம்," என்றா. "அதுகளை நீ வெட்டினது சரி."

புலவர் அங்கிளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் வெட்கப்பட்டு எடுக்கச் சொல்லுவார்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சாப்பாடு முடிந்து, பைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கெவினும் வந்திருந்தான், கறுப்புச் சூட்டில். இழவுக்குக் கறுப்பு என்று அவனுக்கு வேறு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், வேட்டிகளுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தான். நான் பயந்த மாதிரியே ஒருவர், யாரென்று எனக்குத் தெரியாது, புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, உவருக்கு எப்ப கலியாணம் நடந்தது? எனக்குச் சொல்லேல்லையே."

"நடக்கேல்லை."

"அப்ப உது?"

"அது தாய் வைக்கச் சொன்னது."

அவர் அன்ரி இருந்த பக்கம் பார்த்தார். புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. தங்களுக்குள் கதைத்திருப்பார்கள்.

கெவின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அந்தப் பக்கத்தில் விரல் வைத்தான். "அந்த ஆள் இதைத்தானே காட்டினவர்? என்ன இது?"

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அடக்க முடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு, கண் சிவந்து திரும்பி வந்தான். "அவன் இருந்திருந்தால் உருண்டு உருண்டு சிரிச்சிருப்பான்."

"இது கால்தானே?" என்று கேட்டேன்.

போனை வெளியே எடுத்தான். "அம்மாவுக்குப் போன் எடுக்கட்டோ?"

"வேண்டாம்," என்றேன். அன்றைக்குத் தீர்ப்புக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இன்றைக்கும் இல்லை.

இதுதான் நடந்தது. நீ கேட்டது ஒரு பக்கம். வந்தது ஒரு புத்தகம். கோபம் என்றால் கோபப்படு. அன்ரியோடு படு, என்னோடு படாதே.

ஒன்று மட்டும் மிச்சம். சனிக்கிழமைகளில் அன்ரி வீட்டுக்குப் போகிறேன். சாமான் வாங்கிக் கொடுப்பேன், குழாய் ஒழுகினால் பார்ப்பேன். போன தடவை கண்ணாடி ஒத்துவரவில்லை என்று சொல்லி, அந்த மனைவி புலம்பல் பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னா. கண்ணாடி ஒத்துத்தான் வருகிறது, எனக்குத் தெரியும். வாசித்தேன். எனக்குப் பாட்டு வாசிக்க வராது, சுவிட்சின் விவரக் குறிப்பை வாசிக்கிற மாதிரித்தான் வரும். அன்ரி கண்ணை மூடிக் கேட்டா. அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டா. இப்போது தாள் தேவையில்லை, எனக்கு மனப்பாடம். இன்று 401இல் நிற்கும்போது வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கைபிடித்த நாள்முதலாய்க் கண்கலங்க விட்டதில்லை என்று தொடங்குகிறாள் அவள். யார் பெற்ற பிள்ளையோ, எந்தக் கிழவரைக் கைபிடித்தவளோ. மூன்றாவது வரியில் ஒரு சொல் கூடிப்போய் ஓசை இடறுகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வரி நேராகிவிடும், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எடுக்கவில்லை. இடறிய இடத்தில் அன்ரி ஒவ்வொரு முறையும் "ம்" என்று ஒரு மூச்சு விடுகிறா. அதற்காக அங்கே கொஞ்சம் நிறுத்தி, பிறகு வாசிக்கிறேன்.